எந்தத் தேசியப் பூங்கா என்பதற்கு முன்னால், எந்த மாதம்?

கேள்வி கேட்டிருப்பது கோவையில் வசிக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பத்து வயது மகள். ஊட்டி, மூணாறு தாண்டி காடு என்று எதையும் பார்த்ததில்லை. இனிமேல் வருடத்துக்கு ஒரு முறை நம் நாட்டிலும், கையில் காசு சேர்ந்தால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டிலும் தேசியப் பூங்காக்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை? மகளுக்குப் புலி பார்க்க வேண்டுமாம்" என்கிறார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகக் காடுகளுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். யார் இப்படிக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்றுதான். அசாமின் காசிரங்கா மழைக்காலத்தில் வெள்ளத்தில் கிடக்கும். மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் மூடியிருக்கும். கன்ஹா, பாந்தவ்கர், ரந்தம்போர் போன்ற காடுகளின் மையப்பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை திறக்காது. மூணாறை அடுத்த இரவிகுளம், வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அடைக்கப்படும். முதுமலையில் கோடை வறட்சி கடுமையானால் காட்டுத்தீக்குப் பயந்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நம் பள்ளி விடுமுறையைக் காடு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் மாதத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பூங்காவைத் தேடுங்கள்.

இரண்டாவதாக, எங்கே போனாலும் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். ஒரே பயணத்தில் நான்கு பூங்கா என்று திட்டம் போட்டால் பாதி நேரம் சாலையில் போய்விடும். முதல் நாள் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. வழிகாட்டி கை நீட்டுகிற இடத்தில் வெறும் புதர்தான் தெரியும். மூன்றாம் நாள் அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் மிளா மானின் காதைப் பார்த்துவிடுவீர்கள். இது கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வருவது, அவசரப்படுத்த முடியாது.

சரி, முதல் பயணம். புலியை நான் முதலில் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சைலண்ட் வேலியைச் சொல்வேன். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குள் இறங்கினால் முக்காலி. அங்கே சொந்த வண்டியை நிறுத்திவிட வேண்டும். வனத்துறை அனுமதித்த ஜீப்பில் 23 கிலோமீட்டர், குலுங்கிக் குலுங்கி சைரந்திரி வரைக்கும். அங்கே ஒரு கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது, சுமார் 30 மீட்டர் உயரம். ஏறி நின்றால் நான்கு பக்கமும் காடு, கீழே குந்திப்புழை. கண்ணுக்கு எட்டியவரை ஒரு கட்டடம் இல்லை, ஒரு மின்கம்பம் இல்லை. தென்னிந்தியாவில் அப்படி ஒரு காட்சி கிடைக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட 1970களில் முடிவாகியிருந்தது. கட்டியிருந்தால் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி தண்ணீருக்குள் போயிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் அறிவியல் ஆர்வலர்களும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் மேடை ஏறினார்கள். பறவையியலாளர் சாலிம் அலி காட்டைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார். கடைசியில் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த விவாதத்தின் நடுவில் இருந்த பிராணி சிங்கவால் குரங்கு. தரைக்கு அதிகம் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற குரங்கு அது. வெடிப்பலா மரங்கள் நெருக்கமாக நிற்கும் காடு அதற்கு வேண்டும். நடுவில் வெட்டித் திறந்துவிட்டால் கூட்டம் துண்டுபட்டுப் போகும். நீங்கள் போகும் அன்று குரங்கு கண்ணில் படாமலும் போகலாம். ஆனால் அந்த ஆறு தடையில்லாமல் ஓடுவதைப் பார்ப்பீர்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை மாதங்களில் அட்டைக்கடிக்குத் தயாராகப் போக வேண்டும்.

மூணாறு போயிருக்கிறீர்கள் என்றால் இரவிகுளத்தின் ராஜமலைப் பகுதியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையென்றால் மறுபடி போகலாம். இன்று வரையாடு நம் பக்கத்தில் நின்று பயமில்லாமல் மேய்கிறதே, அந்த மலை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களின் வேட்டைக்களம். வேட்டைக்காக ஒதுக்கிவைத்ததால்தான் அங்கே தேயிலை ஏறாமல் புல்வெளி தப்பியது. அங்கே காவலுக்கு இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. குறிஞ்சி கடைசியாக அங்கே பெரிய அளவில் பூத்தது 2018இல், அடுத்தது 2030. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரை இப்போதே குறித்து வையுங்கள்.

இப்போது புலிக்கு வருகிறேன். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சராசரி மதிப்பீடாக 3,682 புலிகள். உலகத்தில் காட்டில் வாழும் புலிகளில் முக்கால்வாசி நம்மிடம்தான். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு நான்கும் வேலியில்லாமல் ஒட்டிக் கிடக்கும் ஒரே காடு. புலிகள் அங்கே நிறையவே இருக்கின்றன. இருப்பது வேறு, தெரிவது வேறு. நீலகிரி அடிவாரத்தில் உண்ணிச்செடி அவ்வளவு மண்டிக் கிடக்கிறது. பத்தடிக்கு அப்பால் புலி படுத்திருந்தாலும் ஜீப் கடந்து போய்விடும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் மத்தியப் பிரதேசத்துக்குப் போங்கள். பாந்தவ்கரில் வாய்ப்பு அதிகம் என்பார்கள். எனக்குக் கன்ஹா பிடிக்கும். காரணம் புலி அல்ல, பாரசிங்கா மான்.

கன்ஹாவில் இருப்பது கெட்டித் தரையில் வாழப் பழகிய பாரசிங்கா. மற்ற இடத்துப் பாரசிங்காக்கள் சதுப்பு நிலத்தில் நிற்பவை; இது மட்டும் புல்வெளி மான். 1970 வாக்கில் எண்ணிப் பார்த்தபோது மிஞ்சியிருந்தவை 66. புல்வெளிகளைத் தீயிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் காத்தார்கள். வேலி கட்டிக் கொஞ்சம் மான்களை உள்ளே விட்டு, குட்டிகளை வேட்டை விலங்குகளிடமிருந்து காப்பாற்றிப் பெருக்கினார்கள். இன்று விடியற்காலைப் பனியில் அவை கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். இதற்காக அங்கிருந்த பைகா, கோண்டு பழங்குடி மக்களின் பல கிராமங்கள் இடம் பெயர்க்கப்பட்டன. அதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். இன்று வண்டியில் நம்மோடு வரும் வழிகாட்டிகளில் பலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களிடம் காட்டைப் பற்றிக் கேளுங்கள், புலி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

புலியைக் கண்ணால் தேடக் கூடாது, காதால் தேட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படி ஒரு வழிகாட்டிதான். புள்ளிமான் பயந்தால் சீழ்க்கை போல ஒரு கூவல். மந்தி மரத்தின் மேலிருந்து இருமும். மிளா கத்தினால் கிட்டத்தட்ட உறுதி; அது சும்மா கத்தாது. வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் இந்தச் சத்தங்களுக்காகக் காத்திருப்பது பத்து வயதுக் குழந்தைக்குச் சலிப்பாக இருக்குமோ என்று நினைக்கிறோம். சத்தத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம்மைவிடக் குழந்தைகள்தான் பொறுமையாக உட்காருகிறார்கள். மார்ச் கடைசி முதல் மே வரை வெயில் கொளுத்தும், ஆனால் தண்ணீர்க்குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் கண்ணில் படும். சஃபாரி இடங்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். புதன்கிழமை மாலை அங்கே சஃபாரி கிடையாது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே கோடையில், அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் நாகரஹொளேயின் கபினிக் கரை. அணை நீர் இறங்க இறங்க, சேறு காய்ந்து இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு மாலையில் எண்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். குட்டிகள் தண்ணீரில் தாயின் காலடியில் புரண்டுகொண்டிருந்தன.

நம் நாட்டில் ஒரே ஒரு பூங்காவுக்குத்தான் போகலாம் என்று யாராவது என்னைக் கட்டுப்படுத்தினால் நான் காசிரங்காவைத்தான் சொல்வேன். பிரம்மபுத்திராவின் தென்கரை. ஆள் உயரத்துக்கு மேலான யானைப்புல், நடுநடுவே 'பீல்' என்று அசாமியர் சொல்லும் ஏரிகள், பின்னால் கார்பி ஆங்லாங் மலை. நூற்றாண்டுக்கு முன் காண்டாமிருகம் அங்கே அழிவின் விளிம்பில் இருந்தது. 1905இல் வேட்டையைத் தடுத்துக் காப்புக்காடாக்கும் வேலை தொடங்கியது. 1974இல் தேசியப் பூங்கா. 2022 கணக்கெடுப்பில் 2,613 காண்டாமிருகங்கள். உலகத்தில் உள்ள ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்களில் பாதிக்கும் மேல் அந்த ஒரு காட்டில் இருக்கின்றன.

காசிரங்காவைக் காப்பாற்றுவதும் வெள்ளம், கொல்வதும் வெள்ளம். வருடா வருடம் ஆறு உள்ளே புகுந்து வண்டல் போட்டு, ஏரிகளைக் கழுவிப் புதுப்பித்து, மீனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெள்ளம் வராவிட்டால் புல்வெளி மெல்ல மெல்ல மரக்காடாக மாறிவிடும். ஆனால் வெள்ளம் அளவு மீறும்போது விலங்குகள் உயிர் பிழைக்க மலையை நோக்கி ஓடும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. லாரிகளில் அடிபட்டுச் செத்தவை எத்தனையோ. வெள்ளக் காலத்தில் அங்கே வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். காட்டுக்குள் மண்மேடுகள் எழுப்பி விலங்குகள் ஏறி நிற்க இடம் செய்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் இரவில் போக நேர்ந்தால் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிப்ரவரி, மார்ச் அங்கே சிறந்த காலம். வனத்துறை புல்லை எரித்துவிட்டிருக்கும், புதுப்புல்லுக்கு எல்லாம் வெளியே வந்து நிற்கும். கொஹோரா, பகோரி, அகராதோலி என்று தனித்தனி வாயில்கள். முதல் நாள் பகோரி, காண்டாமிருகத்துக்கு. கூட்டம் குறைந்த, பறவைகள் நிறைந்த அகராதோலியை விட்டுவிடாதீர்கள். குவாஹாத்தியிலிருந்து சாலையில் நான்கைந்து மணி நேரம். ஜோர்ஹாட் விமான நிலையம் இன்னும் பக்கம்.

வெளிநாட்டை இலங்கையிலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, பயணமும் சின்னது. எல்லோரும் சிறுத்தைக்கு யாலா போகச் சொல்வார்கள். யாலாவில் சிறுத்தை தெரியும், கூடவே அதைச் சுற்றி முப்பது ஜீப்பும் தெரியும். நான் வில்பத்துவைச் சொல்வேன். இலங்கையின் மிகப்பெரிய தேசியப் பூங்கா அது, சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். மழைநீர் தேங்கும் ஆழமற்ற வட்டக் குளங்கள் அங்கே நிறைய, வில்லு என்பார்கள். பூங்காவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். போர்க்காலத்தில் வருடக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2003இல் திறந்தார்கள், மறுபடி வன்முறையால் மூடினார்கள், போர் முடிந்து 2010இல்தான் மீண்டும் திறந்தது. அந்த அமைதி இன்னும் அங்கே மிச்சமிருக்கிறது. ஒரு வில்லுக் கரையில் காலை முழுக்க எங்கள் வண்டி மட்டும் நின்றது. சிறுத்தை ஒன்று வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அதே நிதானத்தில் திரும்பிப் போனது.

ஜூன், ஜூலையில் போனால் கரடிக்கும் வாய்ப்புண்டு. பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழம் என்றாலே வாயில் ஒட்டும் அந்தப் பாலும் இனிப்பும் நினைவுக்கு வரும். கரடிக்கும் அது உயிர்; மரத்தில் ஏறி உட்கார்ந்து தின்னும். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் மின்னேரியா. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய குளம். கபினியில் சொன்ன அதே கதைதான், நீர் இறங்கினால் புல், புல் வந்தால் யானை. நல்ல வருடத்தில் முந்நூறு யானைகள் வரை திரளும். ஆனால் சமீப வருடங்களில் கோடையிலும் குளத்தில் நீரை உயரமாகத் தேக்குவதால் புல்தரை வெளிப்படாமல் கூட்டம் குறைகிறது. போவதற்கு முன் அந்த வருடம் நீர்மட்டம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் தாமான் நெகாரா. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கே தேசியப் பூங்கா என்றுதான் பொருள். 1930களின் கடைசியில் ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் தொடங்கியது, விடுதலைக்குப் பிறகு இந்தப் பெயர். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர். கோடிக்கணக்கான வருடமாக மழைக்காடாகவே இருந்துவரும் நிலம். பெரிய விலங்கை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மலேசியா முழுக்கவே காட்டில் 150 புலிகள் கூட இல்லை. அங்கே இரவு நடைக்குப் போங்கள். கைவிளக்கு வெளிச்சத்தில் குச்சிப்பூச்சி, தேள், தூங்கும் சின்னப் பறவை, இலை நரம்பைப் போலவே இருக்கும் வெட்டுக்கிளி. குழந்தைகளுக்கு இதுதான் மனதில் நிற்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும், தவிர்த்துவிடுங்கள்.

காசு சேர்த்துப் போகும் பெரிய பயணம் என்றால், தென்னாப்பிரிக்காவின் குருகர். தான்சானியாவின் செரங்கெட்டி பெயர்பெற்றது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்டுகள் (மாடு போலத் தோன்றும் மான் வகை) மழையைத் துரத்திக்கொண்டு சுற்றும் இடம். வாழ்நாளில் ஒரு முறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் வண்டியும் வழிகாட்டியும் விடுதியும் சேர்த்து ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. குருகரில் நீங்களே கார் ஓட்டலாம். நம்மைப் போலவே அங்கேயும் இடதுபக்கப் போக்குவரத்து. பூங்காவின் முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். தாரில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேக எல்லை. பரப்பு கேரளாவில் சரிபாதி. உள்ளேயே பூங்கா நிர்வாகத்தின் முகாம்கள் இருக்கின்றன, குடிசை வீடு, சமையல் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உண்டு. கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கி நாங்களே சமைத்துச் சாப்பிட்டோம்.

காலை வாயில் திறக்கும்போது கிளம்பி, சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும், தாமதித்தால் அபராதம். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது, கண்ணாடியைத் தாண்டி உடம்பை நீட்டவும் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம், இலை உதிர்ந்து பார்வை தெளிவாக இருக்கும். மலேரியாவுக்கு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்குகூசா முகாம் பெரியது, நகரம் போல் இருக்கும். லோயர் சாபியில் நான்கு இரவு தங்குங்கள். முகாமை ஒட்டிய சன்செட் அணைக்கரையில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நீர்யானை, முதலை, யானை, நாரை என்று வந்துகொண்டே இருக்கும். எதையும் துரத்திப் போக வேண்டியதில்லை.

குருகரின் வடகோடியில் ஒரு செய்தி இருக்கிறது. 1969இல் இனவெறி அரசு மகுலெகே மக்களை அங்கிருந்து விரட்டி அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. விடுதலைக்குப் பின் அவர்கள் வழக்காடி 1998இல் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெற்ற பிறகும் அதைக் காடாகவே வைத்திருக்க முடிவு செய்தார்கள், சுற்றுலா வருமானத்தில் உரிமையோடு. தேசியப் பூங்கா என்றாலே மக்களை வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்று வாதிடுகிறவர்களிடம் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் உறவினர் இருந்து போகிறீர்கள் என்றால் யெல்லோஸ்டோன். 1872இல் அறிவிக்கப்பட்டது, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது. வெந்நீர் ஊற்றுகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். ஆனால் ஒரு விடியலையாவது லாமர் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள். அங்கிருந்த ஓநாய்களை 1920களுக்குள் கொன்று தீர்த்திருந்தார்கள். 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தொலைநோக்கியோடு சாலையோரத்தில் நிற்கும் ஆட்கள் முன்பின் தெரியாத உங்களையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். செப்டம்பர் நல்லது, தங்குமிடத்தை ஒரு வருடம் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் சென்னைக்கு எப்போதாவது வருவீர்கள் அல்லவா? கிண்டியும் தேசியப் பூங்காதான், 2.7 சதுர கிலோமீட்டர். பெருநகரத்துக்கு நடுவில் வெளிமான் ஓடுகிறது.

உங்களுக்கு என் யோசனை: இந்த ஜனவரியில் சைலண்ட் வேலி, மே மாதம் கபினி, அடுத்த வருடம் பிப்ரவரியில் காசிரங்கா. புலிக்குக் கன்ஹாவை அதற்கடுத்த ஏப்ரலில் வையுங்கள், பிறகு வில்பத்து. கேமராவுக்குச் செலவழிக்கும் முன் மகளுக்கென்று தனியாக ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். 8×32 அளவு போதும், சின்னக் கைக்குப் பாரமில்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் கொண்டலாத்தியையும் தேன்சிட்டையும் பார்த்துப் பழகட்டும். பச்சை, பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை. காலை ஜீப்பில் குளிர் நடுக்கும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். அப்புறம் ஒரு சின்ன நோட்டுப்புத்தகம், பார்த்ததை அன்றன்றே எழுதிவைக்க.